நாகலிங்க மரத்துக்கு நான் பார்த்த வைத்தியம்

பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி எத்தனையோ கேட்பார்கள். குலம், கோத்திரம், குடிப்பழக்கம் என்று எங்கே சுற்றினாலும் கேள்விகள் எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து உட்காரும்: "தம்பி என்ன பண்றாரு?" முப்பத்திரண்டு வயது வரை இந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இருந்ததில்லை.

பதிலே இல்லை என்று சொல்ல முடியாது. நிறைய இருந்தன, அதுதான் சிக்கல். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம். அதன் பிறகு பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைத்தேன் (உள்ளங்கைத் தோல் பாம்புச் சட்டை மாதிரி கழன்று வந்தது). லாரியில் கிளீனராகப் போனேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். கேரளத்தில் பரோட்டா மாவு பிசைந்தேன். வேலை இல்லாத நாட்களில் பஸ் நிலையங்களில் படுத்திருக்கிறேன். கடலூரில் கொசு ஜாஸ்தி, விழுப்புரத்தில் லைட் ஜாஸ்தி. இரண்டில் கொசுவே தேவலை. ஒரு வேலை கசந்துபோனால் நான் யாரிடமும் சண்டை போடுவதில்லை. பையை எடுத்துக்கொண்டு வருகிற பஸ்ஸில் ஏறிவிடுவேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது.

இந்தக் கதை நடந்தபோது குமராட்சிப் பக்கத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். மரம் வெட்டும் கான்ட்ராக்டர் ஒருவரிடம் கூலி வேலை. புயலில் சாய்ந்த மரம், கம்பியில் உரசுகிற மரம், வீடு கட்ட இடைஞ்சலாக நிற்கிற மரம் எதுவானாலும் ஏறி வெட்டுவோம். அக்காவின் கணவர் சேகர் மாமா, குமராட்சிக்கும் சிதம்பரத்துக்கும் ஓடுகிற மினி பஸ்ஸில் டிரைவர். அவருடைய பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் பேசி முடித்தவர். எனக்கும் ஒரு இடம் பார்த்தார்.

பெண்ணின் அப்பா பெயர் கலியமூர்த்தி. சிதம்பரம் ஊர் எல்லையில், பஸ் போகிற ரோட்டிலிருந்து ஒரு தெரு தள்ளி வீடு. கேன் தண்ணீர் வியாபாரம். அந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்பதால் வியாபாரம் நன்றாகவே நடந்தது. பெண் கௌசல்யா, பி.எஸ்ஸி. படித்தவள். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினை ஓட்டுவது, கேன் நிரப்புவது, போனில் ஆர்டர் எடுப்பது எல்லாம் அவள்தான்.

பாயில் உட்கார்ந்தோம். பஜ்ஜி வந்தது. நான் இரண்டாவது பஜ்ஜியில் இருக்கும்போது அந்தக் கேள்வி வந்தது.

"தம்பி என்ன பண்றாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் மாமா சொல்லிவிட்டார்.

"மரத்துக்கு வைத்தியம் பாக்குறாருங்க. மரத்து டாக்டர். இந்த ஜில்லாவுல இவர் ஒருத்தர்தான்."

நான் அவர் காதோரம் குனிந்தேன். "மாமா, நான் மரம் வெட்டுறவன்."

"வெட்டுறதும் வைத்தியம்தான் மச்சான். ஆஸ்பத்திரியில வெட்டாமலா விடுறாங்க?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நானும் நிறைய ஆபரேஷன் செய்திருக்கிறேன். அவற்றில் ஒரு நோயாளிகூடப் பிழைத்ததில்லை. பிழைக்கக் கூடாது என்பதற்காகத்தான் கூலியே கொடுத்தார்கள்.

இந்தப் பொய் காபி வரும்வரை இருந்துவிட்டு, அப்படியே மறந்துபோகும் என்று நினைத்தேன். ஆனால் கலியமூர்த்தி கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். "எழுந்திரிங்க தம்பி. கடவுளாப் பாத்துத்தான் அனுப்பியிருக்காரு" என்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். எண்ணெய்க் கையைத் துடைக்கக்கூட விடவில்லை.

வாசலில் ஒரு நாகலிங்க மரம். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற அளவு பருமன். அடிமரத்திலிருந்து கொடி கொடியாகத் தொங்கி, சிவப்பும் ரோஜா நிறமுமாகப் பூத்திருந்தது. பீரங்கிக் குண்டு மாதிரி காய்களும் இருந்தன. சிதம்பரத்தில் இந்தப் பூவுக்கு இருக்கிற மரியாதையை நான் சொல்ல வேண்டியதில்லை. விடிந்ததும் அந்தத் தெருவே பூக்கூடையோடு வந்து நிற்குமாம். கலியமூர்த்தி வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது, ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. நாகலிங்க மரத்து வீடு என்றுதான் சொல்வார்கள்.

அண்ணாந்து பார்த்தேன். இலைகள் எல்லாம் ஓரத்தில் கருகியிருந்தன. நடுவில் பச்சை, சுற்றிலும் பழுப்பு. அப்பளத்தைத் தணலில் காட்டி எடுத்த மாதிரி ஓரம் மட்டும் சுருண்டிருந்தது.

"போன வருசத்துலேருந்து இப்படித்தான்" என்றார் கலியமூர்த்தி. குரல் இறங்கிவிட்டது. "இதுக்கு முன்னாடி காட்டுமன்னார்கோயில்லேருந்து ஒரு இடம் வந்துச்சு. எல்லாம் பேசி முடிச்சாச்சு. அந்தப் பையனோட அத்தைக்காரி மரத்தைப் பாத்தா. வாசல்ல நாகலிங்கம் கருகுது, இந்த வீட்டுல பொண்ணு எடுக்கணுமான்னு கேட்டா. அதோட போச்சு. நான் முடிவு பண்ணிட்டேன் தம்பி. மரம் தழைக்கட்டும், அப்புறம்தான் எம் பொண்ணுக்குத் தேதி வெப்பேன். நீங்களே தழைய வெச்சுட்டீங்கன்னா வேற மாப்ள நான் எதுக்குத் தேடப் போறேன்?"

ஜன்னல் வழியாக கௌசல்யா பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கேன் மூடி. ஒரு பெண் என்னை அவ்வளவு நேரம் நிதானமாகப் பார்த்தது அதுவே முதல் முறை. (சந்தேகமாகப் பார்த்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.) உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் என்ன செய்தேன் என்றால், மரத்தின் மேல் காதை வைத்தேன்.

எனக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லாம் அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள். அவர்கள் செய்ததையெல்லாம் நினைவுபடுத்திச் செய்தேன். மரத்தை விரலால் தட்டினேன். பட்டையைச் சுரண்டி முகர்ந்தேன். இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். "ராத்திரியில ஜாஸ்தியா இருக்கா, பகல்லயா?" என்று கேட்டேன். கலியமூர்த்தி யோசித்துவிட்டு, "பகல்லதான் தெரியுது தம்பி" என்றார்.

மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பட்டை சுரண்டிய கையைக் கழுவினேன், அப்படியே காலையும். சுற்றியிருந்த மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பொரிந்து கிடந்தது.

"இது என்ன, சுண்ணாம்பு போட்டீங்களா?"

"ஒண்ணும் போடலையே."

"அப்ப பூஞ்சைக்காளான்" என்றேன். "இதான் வேர் வழியா ஏறி இலைக்குப் போயிருக்கு. இதுக்குப் பேரு ஓரக்கருகல்."

இலையின் ஓரம் கருகியிருந்தது, அதனால் ஓரக்கருகல். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். கலியமூர்த்தி உள்ளே திரும்பிப் பூரித்துக் கத்தினார்: "அலமேலு! பாத்த உடனே பேரைச் சொல்லிட்டாரு!" உள்ளேயிருந்து அவர் மனைவி எனக்காக ஒரு தட்டு கேசரியோடு வந்தார். அதைச் சாப்பிட்ட பிறகு பின்வாங்க வழியில்லாமல் போயிற்று.

மருந்து என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். பண்ருட்டியில் முந்திரி சீசன் இல்லாத காலத்தில் ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கிறவருக்குக் குழாய் பிடித்திருக்கிறேன். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்துச் சேர்த்தால் மயில் கழுத்து நிறத்தில் ஒரு கலவை வரும். அவர் அதை எந்தச் செடிக்கு அடித்தார், எதற்காக அடித்தார் என்றெல்லாம் நான் கேட்டதில்லை. குழாய் பிடிக்கிறவன் அதையெல்லாம் கேட்டால் அடுத்த நாள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"மயில்துத்தம் அடிக்கணும். அப்புறம் தண்ணி நல்லா விடணும். மரம் வறண்டு போயிருக்கு."

"தண்ணியா?" கலியமூர்த்தி சிரித்தே விட்டார். "கேன் தண்ணி வியாபாரிகிட்ட தண்ணி கேக்குறீங்களே தம்பி! இதோ இந்தக் குழா, நானே போட்டது. மெஷின்லேருந்து வெளிய வர்ற தண்ணிய ஒரு சொட்டு வீணாக்குறதில்ல. பாதி சாக்கடைக்குப் போவுது, பாதி மரத்துக்கு. இன்னியிலேருந்து முழுசும் மரத்துக்கே."

"அப்பா..." என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீ சும்மா இரும்மா, டாக்டர் பேசிக்கிட்டிருக்காரு."

கிளம்பும்போது உற்சாகத்தில் "வரேன் மாமா" என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஐயான்னே கூப்பிடுங்க தம்பி. மரம் தழைக்கட்டும். மாமாவைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

மருந்தடிக்கப் போன நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பவர் ஸ்பிரேயரை வாடகைக்கு எடுத்து மினி பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தார் சேகர் மாமா. கலவை தயாரானதும் இரும்புக் கத்தியை அதில் முக்கிப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று அர்த்தம். பண்ருட்டிக்காரர் அப்படித்தான் செய்வார். நானும் கத்தியை முக்கினேன். செம்பு படிந்தது. ஆனால் தெருவே கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு வாங்க இன்னொரு முறை கடைக்கு ஓடினால் என் டாக்டர் பட்டம் என்னாவது? "ஆங், சரியா இருக்கு" என்று கத்தியைத் துடைத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

ஏணியில் ஏறி நின்று மோட்டாரைப் போடச் சொன்னேன். குழாய் உயிர் வந்த மலைப்பாம்பு மாதிரி என்னை உதறியது. முதல் வீச்சு மரத்தின் மேல் விழுந்தது, அதில் சந்தேகமில்லை. சாட்சி இருக்கிறது. இரண்டாவது வீச்சின்போது கடல்காற்று எழுந்தது. அதற்குப் பிறகு நான் அடித்ததெல்லாம் தெருவுக்கு.

எதிர் வீட்டு வெள்ளைக் காரில் நீலப் புள்ளி. கொடியில் காய்ந்த வேட்டிகளில் நீலப் புள்ளி. வரிசையாக அடுக்கியிருந்த தண்ணீர் கேன்கள் எல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டன. கூடையில் பூ பறித்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியிருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர், நெற்றியில் விபூதி, உடம்பெல்லாம் நீலமாக, அசையாமல் நின்றார்.

"மோட்டாரை நிறுத்துங்க!" என்று கத்தினேன். மோட்டார் சத்தத்தில் அது சேகர் மாமாவுக்குக் கேட்கவில்லை. "ஜாஸ்தி வேணுமா? இரு மச்சான்" என்று வேகத்தைக் கூட்டினார்.

எல்லாம் அடங்கிய பிறகு ஹெட்மாஸ்டர் கூடையைக் குனிந்து பார்த்தார். உள்ளே நாகலிங்கப் பூக்கள், எல்லாம் நீலம்.

"ஏம்ப்பா, நீலகண்டனுக்கு நீலப் பூதான் வைக்கணும்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு?"

"மருந்து சார்" என்றேன்.

"எனக்கு உடம்பு ஒண்ணும் இல்லையேப்பா!"

பூவை அவர் சாமிக்கு வைக்கவில்லை. நல்ல வேளை. தெரு முழுவதும் ஒரு பாட்டம் திட்டி முடித்தது. ஒருவரையும் குறை சொல்ல முடியாது. கலியமூர்த்தி மட்டும் எனக்காக வாதாடினார். "டாக்டர் ஊசி போட்டா வலிக்கத்தான் செய்யும்" என்றார். அவருடைய சட்டையும் நீலமாக இருந்தது.

அதற்கடுத்த வாரங்களில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் மீன் குழம்பு. ஒவ்வொரு முறையும் மரம் இன்னும் மோசமாக இருந்தது. ஓரத்தில் இருந்த கருகல் இப்போது நடுவுக்கும் வந்துவிட்டது. நான் அடித்த மருந்தின் புண்ணியத்தில் இலை முழுக்கப் புதுப் பொத்தல்கள் வேறு. காலடியில் சருகு குவிந்தது. கேன் வாங்குகிறவர்கள் நீலப் புள்ளியைக் காட்டி, "தண்ணியில என்னா கலக்குறீங்க?" என்று கேட்டு வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். கௌசல்யா வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு கேனாகத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

"தம்பி, கொட்டுதே?" என்று கலியமூர்த்தி கேட்பார்.

"கொட்டணும்யா. பழைய இலை விழுந்தாத்தான் புது இலை வரும். மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம். தண்ணி மட்டும் நல்லா விடுங்க."

"விட்டுக்கிட்டே இருக்கேன் தம்பி. ராவும் பகலும் ஓடுது."

ஆடி மாதம் ஒரு நாள் காலையில் போன் வந்தது. கலியமூர்த்தி வழக்கமான சாப்பாட்டு விசாரணை எதுவும் இல்லாமல் பேசினார். "மரம் மொட்டை ஆயிடுச்சு. ஒரு இலை இல்ல. வந்து பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. அதுக்கு மேல உங்களுக்கு வேல இல்ல." போனை வைத்துவிட்டார்.

நான் பையை எடுத்தேன். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது. பண்ருட்டி போய்விடலாம். அங்கிருந்து எங்கேயாவது லாரி கிடைக்கும். இதற்கு முன் எத்தனையோ ஊரை இப்படித்தான் விட்டு வந்திருக்கிறேன், எங்கேயும் மனசு ஒட்டியதில்லை. இந்த முறை பையின் ஜிப்பு போடும்போது, தேங்காய் நாரோடு உட்கார்ந்திருந்த பெண் நினைவுக்கு வந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவசரமாக ஜிப்பை இழுத்தேன், ஜிப்பு அறுந்தது.

என் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. குமராட்சிப் பக்கத்திலிருந்து காலையில் கிளம்புகிற முதல் வண்டியை ஓட்டுகிறவர் சேகர் மாமா.

"பையோட எங்க மச்சான்?"

"பண்ருட்டி. முந்திரி சீசன்."

"சீசன் முடிஞ்சு இலையே பழுத்துப்போச்சு. ஓடுறியா?"

இதை அவர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டே, முழு பஸ்ஸுக்கும் கேட்கும்படி கேட்டார். முன் சீட்டில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பினார்.

"யாரு, வாத்தியாருக்கு நீலம் அடிச்ச டாக்டரா?"

சேகர் மாமா கியர் மாற்றி மாற்றிக் கதையை முழுவதும் சொன்னார். எனக்காக எதையும் விட்டுவைக்கவில்லை. கேசரியைக்கூடச் சொன்னார். கதை முடிந்தபோது பஸ் நடுவர் மன்றமாகிவிட்டது.

"பொண்ணு என்னா சொல்லுது?" என்றார் கீரைக்கார அம்மா.

"பொண்ணு இன்னும் ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் எப்படிடா ஓடுவ? அது வாயத் தொறந்து வேணாம்னு சொல்லட்டும், அப்ப ஓடு. நானே கைய காட்டி பஸ்ஸ நிறுத்தித் தரேன்."

பின் சீட்டில் இருந்த காலேஜ் பெண்கள் இருவர் கத்தினார்கள்: "அண்ணா, பஸ்ஸத் திருப்புங்கண்ணா! எங்களுக்கு ஃபர்ஸ்ட் ஹவர் போனா பரவால்ல!"

சிதம்பரம் எல்லையில் மினி பஸ் தன் வழியை விட்டு விலகி, அந்தத் தெருவுக்குள் திரும்பியது. வாழ்க்கையில் நான் தப்பி ஓடுவதற்காக ஏறிய பஸ், எதற்குப் பயந்து ஓடினேனோ அந்த இடத்துக்கே என்னைக் கொண்டுபோய் விட்டது அந்த ஒரு முறைதான்.

மரம் எலும்பாக நின்றது. கொடிகளில் காய் மட்டும் தொங்கியது. கலியமூர்த்தி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இறங்கினேன். எனக்குப் பின்னால் கீரைக்கூடை இறங்கியது. காலேஜ் இறங்கியது. மொத்த பஸ்ஸும் இறங்கியது. கலியமூர்த்தி திகைத்துப்போய், "இவுங்க எல்லாம் யாரு?" என்றார்.

"மாப்ள வீடு" என்றார் கீரைக்கார அம்மா.

இனி நடிக்க ஒன்றுமில்லை. "ஐயா, எனக்கு மரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் மரம் வெட்டுற கூலி ஆளு. வைத்தியம் பாத்ததே இல்ல" என்றேன். அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்து அவர் முதல் வார்த்தையைத் தேடுகிற நேரத்தில் கௌசல்யா வெளியே வந்தாள். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் பேனா மாதிரி ஒரு சின்ன மீட்டர்.

மரத்தடிக் குழாயில் டம்ளரைப் பிடித்து நிரப்பி என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க டாக்டர்."

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியவில்லை. ஒரு வாய் குடித்தேன். என் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்த காலேஜ் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

"எப்படி இருக்கு?"

"உப்பு. கடல் தண்ணி மாதிரி."

"நம்ம போர் தண்ணியில இருக்குற உப்பைப் பிரிச்சு, நல்ல தண்ணிய கேனுக்குக் குடுத்துட்டு, மிச்ச உப்பு முழுசையும் மெஷின் இதுலதான் தள்ளுது. போன வருசம் பெரிய மெஷின் வாங்குனோம். அதுலேருந்து மரத்துக்கு இதான் சாப்பாடு." உப்பு அளக்கிற அந்த மீட்டரை டம்ளருக்குள் விட்டாள். கேன் தண்ணீருக்கு இரண்டு இலக்கம் காட்டுகிற மீட்டர் இப்போது நான்கு இலக்கத்தில் நின்றது. பிறகு குனிந்து, மண்ணின் மேல் பொரிந்திருந்த வெள்ளையைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தாள். "இதான் உங்க பூஞ்சைக்காளான். கொழம்புல போட்டுக்கலாம்."

கலியமூர்த்தியின் வாய் இன்னும் திறந்தே இருந்தது. என்னைத் திட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த வார்த்தை எதற்கும் இப்போது உபயோகமில்லை. குழாய் போட்டது அவர். பெருமைப்பட்டது அவர். ராவும் பகலும் விட்டதும் அவர்.

"நீ ஏம்மா சொல்லல?" என்றார் மெதுவாக.

"சொன்னேம்பா. ரெண்டு வாட்டி சொன்னேன். தண்ணி எப்படிம்மா மரத்தைக் கொல்லும்னு கேட்டீங்க. அப்புறம் இவர் வந்தாரு. நல்லா விடுங்கன்னாரு. அதுக்கப்புறம் நான் என்னா சொன்னாலும் 'டாக்டர் சொல்லிட்டாரு'ன்னீங்க."

கலியமூர்த்தி குழாயைக் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு காய் காம்பு விட்டு, மரத்தை ஒட்டி நின்ற மினி பஸ்ஸின் கூரையில் விழுந்தது. 'டமார்' என்றது. உடைந்த காயின் நாற்றம் பரவியது. சேகர் மாமா தலையில் கை வைத்தார்: "ஐயோ, ஓனருக்கு நான் என்னா சொல்லுவேன்!"

"மரத்து டாக்டர் போட்ட ஊசின்னு சொல்லு" என்றார் கீரைக்கார அம்மா.

முதலில் சிரித்தது கலியமூர்த்திதான். வேறு வழியில்லாத சிரிப்பு. சிரித்து முடித்தும் அவர் முகத்தில் தெளிவு வரவில்லை. மொட்டை மரத்தை அண்ணாந்து பார்த்தார். "சரி, யார் மேல தப்புங்குறது இருக்கட்டும். மரம் செத்துப்போச்சே? எம் பொண்ணு கல்யாணம்?"

கௌசல்யா கீரைக்கூடையிலிருந்த கத்தியை வாங்கி, அதன் முனையால் ஒரு கிளையின் பட்டையைக் கீறினாள். உள்ளே ஈரமான பச்சை இருந்தது. "சாவல. இந்த மண்ணை எடுத்துட்டு, குழாயத் திருப்பிட்டு, நல்ல தண்ணி விட்டா உப்பு கீழ எறங்கிரும். மழையும் வரப்போவுது." என் பக்கம் திரும்பினாள். "பள்ளம் வெட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"நெசமா தெரியுமா, மாமா சொல்லித் தெரியுமா?"

"நெசமா தெரியும்" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் உண்மையான தகுதி அது.

வெட்டினேன். மரத்தைச் சுற்றி உப்பு ஊறிய மேல்மண்ணை, வேர் அடிபடாமல் கையால் அள்ளினேன். மெஷினிலிருந்து தெருக்கோடிச் சாக்கடை வரை பள்ளம் வெட்டிக் குழாயைப் புதைத்தேன். புது மண் கொட்டி, டேங்கரில் வந்த நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி அடியில் வடியவிட்டேன். கான்ட்ராக்டரிடம் வேலை இல்லாத நாளெல்லாம் அங்கேதான். வெயிலில் முதுகுத் தோல் உரிந்தது. முந்திரி உரித்த உள்ளங்கைக்கு அது எவ்வளவோ மேல். ஹெட்மாஸ்டர் பூ இல்லாத கூடையோடு வேலிப் பக்கம் வந்து நின்று, "டாக்டர் என்ன பண்றாரு?" என்று விசாரிப்பார். "டாக்டர் இல்ல சார்" என்பார் கலியமூர்த்தி. "பள்ளம் வெட்டுறாரு. அது அவருக்கு நல்லா வருது."

மீன் குழம்பு மட்டும் நிறுத்தப்பட்டிருந்தது. ரசம்தான். மரம் எழுந்திருக்காவிட்டால் இந்த ரசமும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஊரை விட்டுப் போக நினைத்து ஒரு முறை பையைப் பார்த்தேன். ஜிப்பு இன்னும் அறுந்தே இருந்தது. தைக்கத் தோன்றவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மண் ஊறி, வடிந்து, மறுபடி ஊறியது. ஒரு காலை, அடைமழை விட்ட நேரத்தில் கௌசல்யாவிடமிருந்து போன். அதுவரை அவள் எனக்குப் போன் செய்ததில்லை.

"டாக்டர், பேஷன்ட் கண்ணு முழிச்சிருச்சு."

நான் போய்ச் சேர்ந்தபோது கலியமூர்த்தி ஏணி மேல் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கிளை நுனியில் கொத்தாக விட்டிருந்த பிஞ்சு இலைகளை ஒவ்வொன்றாக ஓரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே நின்றேன். மழையில் நனைந்தேன். அவர் அவசரப்படவில்லை. கடைசி இலையையும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"ஓரம் சுத்தமா இருக்கு மாப்ள" என்றார்.

தை மாதம் கல்யாணம். மண்டபத்தில் பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் உட்காருவது வழக்கம். எங்கள் கல்யாணத்தில் மூன்றாவதாக ஒரு பக்கம் இருந்தது: பஸ் வீட்டார். கீரைக்கார அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து, எனக்கு இரண்டு வீட்டாரையும்விட அதிகமாகப் புத்தி சொன்னார். காலேஜ் பெண்கள் பந்தி பரிமாறினார்கள்.

இப்போது நான் மாமனாரின் கேன் வண்டியை ஓட்டுகிறேன். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. மரம் பூக்கிறது, ஹெட்மாஸ்டர் பறிக்கிறார், எந்தச் செடிக்கும் நான் வைத்தியம் சொல்வதில்லை. ஆனால் அன்றைக்கு சேகர் மாமா பஸ்ஸைத் திருப்பிய தெருமுனையில் அதன் பிறகும் நாலு பேர் இறங்க, நாலு பேர் ஏற, அது ஒரு நிறுத்தமே ஆகிவிட்டது. பர்மிட்டில் அப்படி ஒரு நிறுத்தம் கிடையாது. கண்டக்டர் மட்டும் தினமும் கூவுகிறார்: "டாக்டர் வீடு எல்லாம் எறங்கு!"

விஷயம் தெரியாதவர்கள் உண்மையாகவே இறங்குகிறார்கள். போன வாரம் ஒருத்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஸ்கேன் கவரோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். நான் கேன் இறக்கிக்கொண்டிருந்தேன். "ஐயா, நான் டாக்டர் இல்லீங்க" என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை; நல்ல டாக்டர்கள் அப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்றார். கடைசியில் கௌசல்யா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்:

"பெரியவரே, எழுந்து ஓடிருங்க. அவர் பாத்தா முதல்ல நீலம் அடிப்பாரு, அப்புறம் மொட்டை ஆக்குவாரு, அதுக்கப்புறம் நாந்தான் தூக்கி நிறுத்தணும்!"